அந்த அறையில் அவர் ஏன் இருந்தார்?

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையில் மெதுவாக எழுந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். போனில் வரிசையாக ஐந்தாறு செய்திகள், எல்லாம் ஒரே ஆளிடமிருந்து. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் பக்கத்து மேசையில் ஒரு பிலிப்பினோ பெண் இருக்கிறார். வயதில் பெரியவர், அதனால் எல்லோரும் அவரை ஆத்தே என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போகும் நேரம், யாருக்கும் மெசேஜ் அனுப்ப மாட்டார். அன்று அனுப்பியிருந்தார். "டி லிமாவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கிராமேவுக்குள்ளேயே."

டி லிமா என்றால் அங்கே விசாரணைக் கைதியாக இருந்த முன்னாள் செனட்டர் லெய்லா டி லிமா. கிராமே என்று அவர் சொன்னது கிராமே முகாமை. மணிலாவை ஒட்டிய குவெசோன் சிட்டியில், எட்சா என்கிற பெரிய சாலையின் மேல் இருக்கும் பிலிப்பைன்ஸ் தேசியப் போலீஸின் தலைமையகம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் டிஜிபி உட்கார்ந்திருக்கும் வளாகம். அதற்குள்ளேயே ஒரு காவல் மையம் உண்டு. முக்கியமான ஆட்களையும் ஆபத்தான ஆட்களையும் விசாரணை முடியும்வரை அங்கே அடைத்து வைப்பார்கள். ஒரு நாட்டில் இதைவிடப் பாதுகாப்பான லாக்கப் இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்போம்.

நடந்தது இது. காலை ஆறரை மணி இருக்கும், சாப்பாடு கொடுக்கும் நேரம். மூன்று கைதிகள், தாங்களே செய்து வைத்திருந்த கூரான ஆயுதத்தால் சாப்பாடு கொண்டுவந்த போலீஸ்காரரைக் குத்திவிட்டு வெளியே ஓடினார்கள். மூவரில் ஒருவர் இடாங் சுசுகான், தெற்கு பிலிப்பைன்ஸில் ஆள் கடத்தலுக்கும் குண்டுவெடிப்புக்கும் பேர்போன அபு சயாஃப் என்கிற இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தளபதி, 2020 ஆகஸ்டில் தெற்கிலுள்ள டவாவ் நகரில் பிடிபட்டவர், அவர் மீது 23 கொலை வழக்குகள் இருந்தன. மற்ற இருவரும் ஐஎஸ் சார்புக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்று பிடிக்கப்பட்டவர்கள். காவலுக்கு இருந்த இன்னொரு போலீஸ்காரர் சுட்டதில் இரண்டு பேர் அங்கேயே செத்தார்கள். மூன்றாமவர் வெளி வாசலுக்குப் போகவில்லை. அதே வளாகத்தில் தனியாக அடைக்கப்பட்டிருந்த லெய்லா டி லிமாவின் அறைக்குள் நுழைந்தார்.

டி லிமாவுக்கு அப்போது 63 வயது. முன்னாள் நீதித்துறை அமைச்சர், சில மாதங்களுக்கு முன்புவரை செனட்டர். அந்த ஆள் அவருடைய கையையும் காலையும் கட்டினான், கண்ணைக் கட்டினான், நெஞ்சில் கத்தியை வைத்து அழுத்தினான். நான் சாவதென்றால் நீயும் சாவாய் என்கிற பேச்சு. வெளியே துப்பாக்கியோடு போலீஸ், உள்ளே கண்கட்டோடு ஒரு வயதான பெண். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் மிக நெருக்கத்திலிருந்து அவனைத் தலையில் சுட்டது. டி லிமா உயிர் பிழைத்தார். குத்துப்பட்ட போலீஸ்காரரும் பிழைத்துவிட்டார். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோனது. நாங்கள் செய்தியைப் படிக்கும்போது அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

நான் அந்தக் கண்கட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண் தெரிந்தால் எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்த்து ஏதாவது ஊகிக்கலாம், பேசிப் பார்க்கலாம், எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசிக்கலாம். கண்ணைக் கட்டிவிட்டால் மிச்சம் இருப்பது சத்தமும் நெஞ்சில் இருக்கும் அந்த முனையும்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது சுடப்பட்டது யார் என்றுகூட அந்த முதல் நொடியில் தெரிந்திருக்காது.

போலீஸ் தரப்பில், டி லிமாவைக் குறிவைத்து நடந்ததல்ல இது, தப்பியோடும் முயற்சியில் வழியில் கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான் என்றார்கள். அதை நான் நம்புகிறேன். சதி ஏதும் இருந்ததாக நினைக்கவில்லை. ஆனால் என்னைக் குடைந்த கேள்வி வேறு. வழியில் கிடைக்கிற இடத்தில் அவர் ஏன் இருந்தார்?

அந்தக் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2008 முதல் 2010 வரை டி லிமா பிலிப்பைன்ஸ் மனித உரிமை ஆணையத்தின் தலைவர். டவாவ் நகரில் சின்னத் திருடர்களையும் போதை ஆட்களையும் தெருவில் கொன்று போடும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்கு மேயரின் ஆசி இருக்கிறது என்று பேச்சு. அதை விசாரிக்கப் போனார். மேயர் ரோட்ரிகோ டுடெர்டே. 2016-இல் அதே டுடெர்டே நாட்டின் அதிபரானார், அதே வருடம் டி லிமா செனட்டரானார். போதைக்கு எதிரான போர் என்ற பெயரில் தெருவெங்கும் பிணங்கள் விழ ஆரம்பித்தபோது செனட்டின் நீதிக் குழுத் தலைவராக விசாரணையைத் தொடங்கினார். தானே அந்த டவாவ் கொலைக் கூட்டத்தில் இருந்ததாகச் சொன்ன ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சில நாளில் தலைவர் பதவி பறிபோனது. 2017 பிப்ரவரி 24 அன்று கைது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா, நீதித்துறை அமைச்சராக இருந்தபோது பிலிபிட் சிறையில் நடந்த போதை வியாபாரத்துக்கு உடந்தை, அதில் காசு வாங்கினார் என்பது. சாட்சிகளில் பலர் அந்தச் சிறையிலிருந்த கைதிகள். ஜாமீன் கிடைக்காத பிரிவு.

அன்றிலிருந்து கிராமே முகாம்தான் அவருக்கு வீடு. போன் கிடையாது, இணையம் கிடையாது. பேனாவால் காகிதத்தில் எழுதி வெளியே அனுப்புவார், அவருடைய ஆட்கள் தட்டச்சு செய்து அறிக்கையாக வெளியிடுவார்கள். வளாகத்தில் திரியும் பூனைகளுக்குச் சோறு வைப்பார் என்று படித்திருக்கிறேன். 2018-இலேயே ஐ.நா.வின் குழு ஒன்று இந்தக் காவல் நியாயமற்றது, அவரை விடுங்கள் என்று சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் மூன்று வழக்குகளில் ஒன்றிலிருந்து விடுதலையானார். 2022 ஏப்ரலில் ஒரு சாட்சி, நான் சொன்னதெல்லாம் பொய் என்றார். அடுத்த சில நாட்களில் இன்னொரு முக்கியச் சாட்சி, சிறைத்துறையின் முன்னாள் அதிகாரி, என்னை மிரட்டிச் சொல்ல வைத்தார்கள் என்று வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். ஜூனில் டுடெர்டேவின் பதவிக்காலமும் முடிந்தது, மார்கோஸ் ஜூனியர் அதிபராக வந்தார்.

அதாவது அக்டோபர் 9 காலையில், அவரை உள்ளே வைப்பதற்குச் சொன்ன காரணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உதிர்ந்துபோயிருந்தது. தண்டனை என்று ஒரு நாள்கூட விதிக்கப்படவில்லை. ஆனாலும் உள்ளேதான் இருந்தார். அதனால்தான் அந்தக் கத்தி அவர் நெஞ்சுக்கு வந்தது.

சரி, காவல் மையத்துக்கு வருகிறேன். கிராமே முகாமிலிருந்து கைதிகள் தப்பப் பார்த்தது இது முதல்முறை இல்லை. 2003 ஜூலை 14 அன்று ஃபதுர் ரஹ்மான் அல் கோசி என்ற இந்தோனேசியக் குண்டு நிபுணர், மணிலாவில் 22 பேரைக் கொன்ற 2000 டிசம்பர் 30 குண்டுவெடிப்புகளில் சம்பந்தப்பட்டவர், இரண்டு அபு சயாஃப் ஆட்களோடு இதே முகாமிலிருந்து வெளியேறிவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் பயங்கரவாத ஒழிப்பைப் பற்றிப் பேச மணிலாவுக்கு வந்திருந்த அன்றே இது நடந்தது. மூன்று மாதம் கழித்து அக்டோபரில் மிண்டனாவோ தீவில் அல் கோசியைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பிய அன்று துப்பாக்கிச் சண்டை இல்லை, பணயக்கைதி இல்லை, யாரும் பார்க்காத நேரத்தில் கதவு திறந்தது, போனார்கள்.

2005 மார்ச் 14 வேறு மாதிரி. மணிலா பக்கத்திலேயே தகிக் நகரில் இன்னொரு போலீஸ் முகாம், பாகோங் திவா. அதற்குள் இருந்த சிறையில் அபு சயாஃப் கைதிகள் காலை வேளையில் காவலர்களைத் தாக்கி, துப்பாக்கிகளைப் பிடுங்கி, கட்டடத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பேச்சு. மறுநாள் காலை போலீஸ் உள்ளே புகுந்தது. முடிவில் 22 கைதிகள் பிணம். அதில் கமாண்டர் ரோபோ போன்ற பெயர்பெற்ற தலைவர்களும் உண்டு. அந்தச் சிறையில் இருந்தவர்களில் பலர் தீர்ப்புக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதிகள்.

இந்தக் கதைகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று புரிகிறது. பெரிய சுவர், கண்காணிப்புக் கோபுரம், கேமரா எல்லாம் இருந்தாலும், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு நேரத்தில் அந்தக் கதவைத் திறந்தே ஆகவேண்டும். சோறு போட வேண்டும், குளிக்க விட வேண்டும், வெயிலில் நடக்க விட வேண்டும். அந்த நேரத்தில் கதவருகே நிற்பது ஒரு மனிதர், கையில் சாப்பாடு, கூட இன்னொருவர் இல்லையென்றால் அவ்வளவுதான். வருடக்கணக்கில் தினமும் ஒரே முகங்களைப் பார்க்கிறார், ஒன்றும் நடப்பதில்லை, அதனால் இன்றும் ஒன்றும் நடக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே இருப்பவனோ அதே கதவை அதே வருடங்களாக வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். குத்துப்பட்ட அந்தப் போலீஸ்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் போதாமல் வேலை வாங்குபவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். காவல் மையத்தின் தலைவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள், அது நியாயம்தான்.

துப்பாக்கியும் பதவியும் உள்ளவர்கள்கூட இந்த மாதிரி நேரத்தில் தப்பவில்லை என்பதற்கும் அந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1989 ஜனவரியில் சாம்போவாங்கா நகரில் காவா காவா முகாம். ரிசல் அலி என்கிற முன்னாள் போலீஸ்காரர், கொலை வழக்கு விசாரணைக்காக அங்கே வைக்கப்பட்டிருந்தவர், மண்டலத் தளபதியான ஜெனரலையும் ஒரு கர்னலையும் அவர்களுடைய சொந்த முகாமிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். படைகள் தாக்கின. இரண்டு அதிகாரிகளும் செத்தார்கள், அலி தப்பித்து மலேசியாவின் சபாவுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஆத்தேயிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் டவாவைச் சேர்ந்தவர். 2016-இல் இங்கே தூதரகத்தில் வரிசையில் நின்று டுடெர்டேவுக்கு ஓட்டுப் போட்டவர், அதை மறைக்கவும் மாட்டார். டி லிமாவைப் பற்றி நல்ல வார்த்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. அன்று மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் ஊரிலும் நடந்தது, நான் சின்னப் பெண்" என்றார்.

அவர் சொன்னது 1989 ஆகஸ்ட் 13. அதுவும் ஒரு ஞாயிறு. டவாவில் மெட்ரோடிஸ்காம் என்று சொல்லும் போலீஸ் தலைமையக வளாகத்தில் கைதிகளை வைத்திருந்தார்கள். ஒரு புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர்கள் கைதிகளோடு ஜெபம் பண்ணுவதற்காக உள்ளே போயிருந்தார்கள். 16 கைதிகள் சேர்ந்து அவர்களில் 15 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 15 வரை இழுத்தது. முடிவில் 16 கைதிகளும் செத்தார்கள், ஐந்து பணயக்கைதிகளும் செத்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரிப் பெண். அவரைப் பாலியல் வன்முறை செய்து கொன்றிருந்தார்கள். ஆத்தேயின் வீட்டில் மூன்று நாளும் ரேடியோவை அணைக்கவே இல்லையாம், பிள்ளைகளை வாசலுக்குக்கூட அவர் அம்மா விடவில்லையாம்.

அப்போது டவாவ் மேயர் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதே டுடெர்டே. 27 வருடம் கழித்து 2016 ஏப்ரலில் அதிபர் தேர்தல் கூட்டமொன்றில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது, அவ்வளவு அழகாக இருந்தாள், மேயர்தான் முதலில் இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. ஆஸ்திரேலியத் தூதர் கண்டித்தபோது வாயை மூடச் சொன்னார். அடுத்த மாதம் தேர்தலில் ஜெயித்தார்.

ஜெபம் பண்ணப் போய்ச் செத்த ஒரு பெண்ணை மேடையில் வைத்துச் சிரிக்கிற ஒருவர் கையில் அரசாங்கம் போனால், அந்த அரசாங்கத்தின் லாக்கப்பில் இருப்பவர்களின் உயிருக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். ஆத்தே பதில் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது, "அந்தப் பேச்சை நான் அப்போது வேடிக்கை என்று நினைத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கிளறவில்லை.

சம்பவத்துக்குப் பிறகு மார்கோஸ், டி லிமாவின் உடல்நிலையை விசாரித்து, வேறு காவல் இடத்துக்கு மாற வேண்டுமா என்று கேட்பதாகச் சொன்னார். டி லிமா மாற விரும்பவில்லை. செய்தியில் அது இரண்டே வரி. எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது. கையும் காலும் கண்ணும் கட்டப்பட்டு, நெஞ்சில் கத்தியோடு ஒரு மணி நேரம் சாவை எதிர்பார்த்த ஒருவரிடம், எந்த லாக்கப் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவரைக் காப்பாற்றிய போலீஸ்காரர்களின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை, அந்த நெருக்கத்தில் சுடுவது சாதாரண விஷயம் இல்லை, ஒரு விரல் நடுங்கியிருந்தால் கதை வேறு. ஆனால் காப்பாற்றி, ஆஸ்பத்திரியில் பார்த்து, மறுபடி அதே காவல் மையத்தில்தான் கொண்டுபோய் விட்டார்கள். ஜாமீனில் விடுங்கள் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எத்தனையோ பேர் கேட்டார்கள். அரசாங்கம் அது நீதிமன்றத்தின் வேலை என்றது, நீதிமன்றம் அதன் வேகத்தில் நடந்தது. அந்த வேகத்தில் இன்னும் 13 மாதம் போனது.

ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்த நிமிடத்திலிருந்து அவர் கையில் ஒன்றுமே இல்லை. ஓட முடியாது, பூட்டை உள்ளிருந்து போட முடியாது, பக்கத்து அறையில் யார் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. எல்லாம் பிடித்து வைத்தவர்கள் கையில். அதனால்தான் விசாரணைக் கைதியை வருடக்கணக்கில் வைத்திருப்பதை வெறும் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017-இல் அவரை அங்கே கொண்டுபோய் வைத்தபோது சுசுகான் அங்கே இல்லை, மற்ற இரண்டு பேரும் இல்லை. வழக்கு ஒழுங்காக இரண்டு மூன்று வருடத்தில் முடிந்திருந்தால் இந்த நான்கு பேரும் ஒரே வளாகத்தில் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

2023 மே மாதம் இரண்டாவது வழக்கிலிருந்தும் விடுதலை. நவம்பர் 13-இல் முந்தின்லூபா நீதிமன்றம் மூன்றாவது வழக்கில் ஜாமீன் கொடுத்தது. 2024 ஜூன் 24 அன்று அதுவும் தள்ளுபடி, மூன்றிலும் அவர் மீது எதுவும் நிரூபணமாகவில்லை. 2025 மார்ச்சில், போதைப் போர்க் கொலைகளுக்காக, டுடெர்டேவை ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு விமானத்தில் ஏற்றினார்கள், மே மாதத் தேர்தலில் ஜெயித்து டி லிமா மீண்டும் நாடாளுமன்றத்துக்குப் போனார். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

ஜாமீன் வந்த அந்த நவம்பர் 13 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்ததால் இங்கே திங்கட்கிழமை விடுமுறை. வீட்டில் மிச்ச முறுக்கைப் பெரிய டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன், அதில் ஒரு பங்கு ஆத்தேவுக்கு என்று தனியாக எடுத்தும் வைத்திருந்தேன். சாயங்காலம் அவரே போன் பண்ணினார். டிவியில் டி லிமாவைக் காட்டுகிறார்கள், வெளியே வந்துவிட்டார் என்றார். பின்னால் அவர் வீட்டு டிவியின் சத்தமும் கேட்டது. சந்தோஷமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எதையோ கணக்குப் போடுவது போல இருந்தார்.

"அவரைக் கைது பண்ணும்போது என் மகன் ஆறாம் வகுப்பு" என்றார். "இந்த ஆகஸ்டில்தான் அவனைக் காலேஜில் சேர்த்தேன்."